விசுவாசம் பெருக எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி இது: "பத்து வருடமாக விசுவாசியாக இருக்கிறேன். ஞாயிறு ஆராதனையைத் தவறவிடுவதில்லை, வேதம் வாசிக்கிறேன், ஜெபிக்கிறேன். ஆனாலும் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல இருக்கிறது. ஏதாவது ஊழியத்தில் இறங்கினால் வளருவாய் என்று சிலர் சொல்கிறார்கள். முதலில் விசுவாசத்தில் பலப்படு, ஊழியத்தை அப்புறம் பார்க்கலாம் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எது சரி? செயலை இவ்வளவு அழுத்திச் சொன்னால் கிருபையை விட்டு விலகிவிட மாட்டோமா?"

தம்பி, உங்களுக்கு முன்பே அப்போஸ்தலர்கள் இதைக் கேட்டுவிட்டார்கள். லூக்கா 17-ஆம் அதிகாரத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்தொன்பது வசனங்களையும் ஒரே மூச்சில் வாசித்தால் உங்கள் கேள்விக்கான பதில் அதிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

"எங்கள் விசுவாசத்தை வர்த்திக்கப்பண்ணவேண்டும்" என்று ஐந்தாம் வசனத்தில் அவர்கள் கேட்கிறார்கள். எந்த நேரத்தில் கேட்டார்கள் என்று பாருங்கள். ஒருவன் ஒரே நாளில் ஏழு தரம் உனக்குத் தீங்கு செய்துவிட்டு, ஏழு தரமும் திரும்பி வந்து மனஸ்தாபப்பட்டால் அவனை மன்னித்துவிடு என்று ஆண்டவர் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார். செய்தே ஆகவேண்டிய கடினமான காரியம் ஒன்று கண்முன் வந்து நின்றது. கையில் இருப்பது போதாது என்று அந்த நொடியில்தான் அவர்களுக்குத் தெரிந்தது. அதுவரை அந்த ஜெபம் அவர்கள் வாயில் வரவில்லை.

பத்து வருடமாக வளரவில்லை என்கிறீர்களே, அந்தப் பத்து வருடத்தில் "ஆண்டவரே, இது என்னால் முடியாது, நீர் வந்தால்தான் ஆகும்" என்று உண்மையாகவே சொல்லவேண்டி வந்தது எத்தனை முறை? குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. ஆராதனையும் வாசிப்பும் நல்லவை. ஆனால் நம் சொந்த பலத்திலேயே அவற்றை நடத்திக்கொண்டு போய்விட முடியும். ஒரு கடினமான மனிதருக்குப் பன்னிரண்டு வாரம் விடாமல் உதவுவதை அப்படிச் செய்ய முடியாது. மூன்றாவது வாரத்திலேயே நம் கையிருப்பு தீர்ந்துவிடும். அங்கேதான் விசுவாசத்துக்கு வேலை வருகிறது.

ஆண்டவர் என்ன பதில் சொன்னார்? முதலில் கடுகு விதையளவு விசுவாசத்தைப் பற்றிச் சொல்கிறார். அளவைப் பற்றி நீங்கள் கவலைப்படவேண்டாம் என்கிறார். அதோடு நிறுத்தாமல், வயலில் உழுதுவிட்டோ மந்தை மேய்த்துவிட்டோ திரும்பி வரும் ஒரு வேலைக்காரனைப் பற்றிச் சொல்கிறார். வந்தவன் உடனே உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அரைக்கச்சை கட்டிக்கொண்டு எஜமானுக்குப் பரிமாறுகிறான். எல்லாம் செய்து முடித்த பிறகும் "செய்யவேண்டிய கடமையைமாத்திரம் செய்தோம்" என்று சொல்லுங்கள் என்கிறார். பலர் இந்த இரண்டையும் தனித்தனிப் போதனைகளாக வாசிக்கிறார்கள். நான் அவற்றை ஒரே பதிலாகத்தான் வாசிக்கிறேன். விசுவாசத்தைக் கூட்டும் என்று கேட்டவர்களுக்கு அவர் கலப்பையையும் பரிமாறும் பாத்திரத்தையும் காட்டுகிறார்.

அடுத்து வருவது பத்துக் குஷ்டரோகிகளின் சம்பவம். தூரத்தில் நின்று சத்தமிடுகிறார்கள். அவர் அவர்களைத் தொடவில்லை, "சுத்தமானீர்கள்" என்றும் சொல்லவில்லை. போய் ஆசாரியர்களுக்கு உங்களைக் காண்பியுங்கள் என்கிறார், அவ்வளவுதான். சுத்தமானவன்தான் ஆசாரியனிடம் காண்பிக்கப் போவான். இவர்கள் உடம்பில் நோய் இருக்கும்போதே கிளம்பவேண்டியிருந்தது. "அந்தப்படி அவர்கள் போகையில் சுத்தமானார்கள்" என்று எழுதியிருக்கிறது. அந்தப் "போகையில்" என்ற ஒரு சொல் போதும் எனக்கு. நின்ற இடத்தில் சுகம் வரட்டும், பிறகு போகிறோம் என்று அவர்கள் காத்திருந்தால்? யோர்தானைக் கடந்தபோதும் அப்படித்தான். உடன்படிக்கைப் பெட்டியைச் சுமந்த ஆசாரியர்களின் கால் தண்ணீரின் ஓரத்தில் பட்ட பிறகுதான் ஆறு நின்றது. கரைபுரண்டு ஓடிய அறுப்புக்காலம் அது.

ஆகவே "முதலில் பலப்படு, ஊழியத்தை அப்புறம் பார்க்கலாம்" என்ற ஆலோசனையை நான் ஏற்கமாட்டேன். ஒரு விஷயத்தில் மட்டும் அதில் நியாயம் உண்டு: போதிக்கவும் மற்றவர்களை நடத்தவும் அவசரப்படக்கூடாது. புதிதாக விசுவாசித்தவனைக் கண்காணிப்பாளன் ஆக்கவேண்டாம் என்று பவுலே தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். ஆனால் ஒரு நோயாளியின் பக்கத்தில் போய் உட்கார எந்தத் தகுதித் தேர்வும் இல்லை.

கிருபையைப் பற்றிய உங்கள் பயம் சரியான பயம். அதை விட்டுவிடாதீர்கள். எபேசியர் 2-இல் 8, 9 வசனங்களை மட்டும் மனப்பாடம் செய்து நிறுத்திக்கொள்வது நம்மிடையே வழக்கம். "இது கிரியைகளினால் உண்டானதல்ல" என்பதோடு நிறுத்திவிடுகிறோம். பத்தாம் வசனம் அதே மூச்சில் தொடர்கிறது: நற்கிரியைகளைச் செய்வதற்கே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம், அவற்றில் நடக்கும்படி தேவன் முன்னதாகவே அவற்றை ஆயத்தம் பண்ணியிருக்கிறார். கிரியை நம்மை இரட்சிப்பதில்லை. இரட்சிக்கப்பட்டவன் நடக்கும் பாதை அது. கிரியைகளுக்கு எதிராக அத்தனை உறுதியாக நின்ற மார்ட்டின் லூத்தரே, 1522-இல் ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, சுறுசுறுப்பானது, ஓயாமல் நன்மை செய்துகொண்டே இருப்பது என்று எழுதினார். நற்செயல் செய்யலாமா என்று அது கேட்பதில்லை, கேட்பதற்குள் செய்து முடித்திருக்கும் என்பது அவர் கருத்து.

அந்த முன்னுரை பின்னொரு நாள் இன்னொருவர் வாழ்க்கையைத் தொட்டது. பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்துக்கு வித்திட்ட ஜான் வெஸ்லி அப்போது பத்து வருடமாகக் குருவானவர். கடல் கடந்து ஜார்ஜியாவரை போய் ஊழியம் செய்து, தோற்றுப்போன மனதோடு 1738-இல் இங்கிலாந்துக்குத் திரும்பியிருந்தார். தனக்கு மெய்யான விசுவாசமே இல்லை என்று அந்த மார்ச் மாதம் அவருக்குத் தெளிவாகிவிட்டது. பிரசங்கம் செய்வதை விட்டுவிடவா என்று மொராவிய சபையைச் சேர்ந்த சகோதரர் பீட்டர் போலரிடம் கேட்டார். விடவேகூடாது என்றார் போலர். விசுவாசம் கிடைக்கும்வரை விசுவாசத்தைப் பிரசங்கியுங்கள், கிடைத்த பிறகு, கிடைத்ததாலேயே பிரசங்கிப்பீர்கள் என்றார். வெஸ்லி மறுநாளே தொடங்கினார், மனம் பின்வாங்கியபோதும். முதலில் அவர் இதைச் சொன்னது மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒரு கைதியிடம். அதே மாதக் கடைசியில், ஆக்ஸ்போர்டு சிறையில் அவர் சேர்ந்து ஜெபித்த ஒரு மரண தண்டனைக் கைதி எழுந்து நின்று, கிறிஸ்து என் பாவங்களை எடுத்துப்போட்டார், இனி சாகத் தயார் என்றான். வெஸ்லிக்கு அந்த நிச்சயம் வந்தது ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து, மே 24 இரவு, லண்டனில் ஒரு சிறு கூட்டத்தில் லூத்தரின் அந்த முன்னுரையை யாரோ வாசித்துக்கொண்டிருந்தபோது. தன்னிடம் இல்லாததை அவர் இன்னொருவருக்குக் கொண்டுபோனார். வாங்கியவர் அவருக்கு முந்திக்கொண்டார். இந்த வரிசையை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

கவனியுங்கள், அவருடைய இருதயம் அனலடைந்தது சிறைக்குப் போன வழியில் இல்லை. கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தபோதுதான். சேவை செய்தால் போதும், விசுவாசம் தானாக வளர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அதுவும் லூக்கா 17-இலேயே இருக்கிறது.

பத்துப் பேரும் கீழ்ப்படிந்தார்கள். பத்துப் பேரும் சுத்தமானார்கள். ஒருவன்தான் திரும்பி வந்து அவர் பாதத்தருகே முகங்குப்புற விழுந்தான். "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்ற வார்த்தை அவன் ஒருவனுக்குத்தான் கிடைத்தது. மற்ற ஒன்பது பேரும் சொன்னதைத்தான் செய்தார்கள், செய்ததில் தவறு இல்லை. திரும்பி வரவில்லை, அதுதான்.

நானும் அந்த ஒன்பது பேரோடு கொஞ்ச காலம் நடந்தவன். ஒரே சமயத்தில் ஞாயிறு பள்ளியில் வகுப்பு, பாடகர் குழு, வாலிபர் கூட்டம், ஒரு கமிட்டி என்று எல்லாவற்றிலும் இருந்தேன். வாரத்தில் ஐந்து நாள் ஆலய வேலை. யாராவது கேட்டால் "ஊழியத்தில் ரொம்ப பிசி" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொள்வேன். அந்த இரண்டு வருடத்தில் எனக்காக நான் வேதத்தைத் திறந்ததே இல்லை, பாடம் தயாரிக்க மட்டுமே திறந்தேன். ஒருநாள் பிள்ளைகளிடம் நல்ல மேய்ப்பனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் சொல்வது எனக்கே அந்நியமாகக் கேட்டது. அன்று இரவு அழுதேன். பிறகு மூன்று பொறுப்புகளை ஒப்படைத்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். விட்ட மூன்றும் என்னைவிட நன்றாக நடந்தன.

மார்த்தாளின் கதையை இந்த இடத்தில்தான் சரியாகப் புரிந்துகொண்டேன். லூக்கா 10-இல், சகோதரி தனக்கு உதவவில்லை என்று முறையிட்ட மார்த்தாளிடம் ஆண்டவர் கண்டித்தது அவள் கவலைப்பட்டுக் கலங்கியதை. பரிமாறியதைக் கண்டித்ததாக ஒரு வார்த்தையும் அங்கே இல்லை. யோவான் 11-க்குப் போய்ப் பாருங்கள். அவள் சகோதரன் லாசரு இறந்து நான்காம் நாள், கல்லறை மூடியிருக்கிறது. "நீர் உலகத்தில் வருகிறவரான தேவகுமாரனாகிய கிறிஸ்து" என்று அறிக்கை செய்வது அதே மார்த்தாள். அடுத்த அதிகாரத்தில் மறுபடியும் விருந்து, "மார்த்தாள் பணிவிடைசெய்தாள்" என்கிறார் யோவான். இந்த முறை முறையீடு இல்லை, கண்டிப்பும் இல்லை. அதே கைகள் அதே வேலையைச் செய்கின்றன; அவளுடைய உள்ளம்தான் மாறியிருக்கிறது. வளர்ச்சி எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் இந்த மூன்று காட்சிகளையும் வரிசையாக வாசிக்கச் சொல்வேன்.

போவதும் திரும்பி வருவதும் சேர்ந்தால் ஒரு மனிதரால் எவ்வளவு தூரம் தாங்க முடியும் என்பதற்கு தமியான் குருவானவரை நினைத்துக்கொள்கிறேன். 1873 மே மாதம் ஹவாய் தீவுகளில் ஒன்றான மொலோகாயில், தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்த குடியிருப்புக்குப் போனார். பதினாறு வருடம் அவர்களுக்குப் புண் கழுவினார், வீடு கட்டினார், சவப்பெட்டி செய்தார். தானும் அந்த நோய் வந்து 1889 ஏப்ரலில் இறந்தார். ஆலயத்தில் ஆண்டவருடைய பிரசன்னம் மட்டும் இல்லாவிட்டால் தன்னால் அங்கே நிலைத்திருக்க முடியாது என்று அவர் எழுதியிருக்கிறார். ஒருமுறை அவருடைய மேலதிகாரி கப்பலில் வந்தபோது கரையிறங்க அனுமதி கிடைக்கவில்லை. தமியான் ஒரு படகில் கப்பலருகே போய், எல்லோர் காதிலும் விழும்படி, கீழே இருந்தபடியே உரக்கப் பாவசங்கீர்த்தனம் செய்தார். அத்தனை பேருக்குச் சேவை செய்தவருக்குத் தன் ஆத்துமாவுக்கு மன்னிப்பு தேவை என்பது மறக்கவில்லை.

சரி, ஊழியம் என்று எதைச் சொல்கிறோம்? நம் பேச்சில் அந்தச் சொல் குறுகிப்போய்விட்டது. "அவர் ஊழியக்காரர்" என்றால் பிரசங்கியார் என்றுதான் புரிந்துகொள்கிறோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் 'டியாகோனியா'. மார்த்தாள் செய்த வேலைக்கும் அதே சொல்தான். அப்போஸ்தலர் 6-இல் விதவைகளுக்கு அன்றாடம் நடந்த விசாரணைக்கும், வசனத்தைப் போதிக்கும் ஊழியத்துக்கும் அதே ஒரு சொல்தான். அங்கே பந்திவிசாரணைக்கென்று ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். அவர்களில் ஸ்தேவான் முதல் இரத்தசாட்சி ஆனார். பிலிப்பு சமாரியாவுக்குச் சுவிசேஷம் கொண்டுபோனார். இருவரும் தொடங்கிய இடம் பந்தி. உதவிக்காரருடைய ஊழியத்தை நன்றாகச் செய்கிறவர்கள் கிறிஸ்து இயேசுவைப் பற்றும் விசுவாசத்தில் மிகுந்த தைரியத்தை அடைவார்கள் என்று 1 தீமோத்தேயு 3:13 சொல்கிறது. சேவைக்கும் விசுவாசத்தின் வளர்ச்சிக்கும் இதைவிட நேரடியான வாக்குத்தத்தம் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆனால் இதை வைத்துப் பிரசங்கம் கேட்பது அபூர்வம்.

நோக்கத்தோடு செய்வது எப்படி என்பதற்கு நெகேமியாவைப் படியுங்கள். எருசலேமைப் பற்றி விசாரித்தார், அதன் மதில் இடிந்து கிடக்கிறது என்று கேட்டதும் அழுதார், உபவாசித்து ஜெபித்தார். கிஸ்லே மாதம் தொடங்கிய ஜெபம் நிசான் மாதம்வரை போனது, ஏறக்குறைய நான்கு மாதம். அப்புறம்தான் ராஜாவிடம் கேட்டார். எருசலேமுக்கு வந்து மூன்று நாள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. இரவில் போய் மதிலைச் சுற்றிப் பார்த்தார். வேலையைப் பிரித்துக்கொண்ட விதம் மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. பெயர்ப் பட்டியல் என்று தாண்டிப் போய்விடாதீர்கள். பலர் தங்கள் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த மதிலைக் கட்டினார்கள். சல்லூம் என்பவர் தன் குமாரத்திகளோடு சேர்ந்து கட்டினார். தெக்கோவாவின் பிரபுக்கள் மட்டும் வேலைக்குக் கழுத்தைக் கொடுத்து உதவவில்லை. ஐம்பத்திரண்டு நாளில் மதில் முடிந்தது.

உங்களுக்கும் அதே வரிசையைத்தான் சொல்வேன். முதலில் விசாரியுங்கள். உங்கள் வீட்டுக்கு எதிரே இடிந்து கிடப்பது எது? தெருவில் தனியாக இருக்கும் முதியவர், படிப்பில் பின்தங்கிய பக்கத்து வீட்டுப் பிள்ளை, உங்கள் சபையிலேயே யாரும் பேசாத ஒருவர், படுக்கையில் கிடக்கும் தாயை இரவும் பகலும் பார்த்துக்கொண்டு ஒருமணி நேரம்கூட வெளியே போக முடியாத ஒரு மகள். பொதுவாக "ஏழைகளுக்கு உதவவேண்டும்" என்று தொடங்கினால் அது நிற்காது. ஒரு முகம், ஒரு பெயர் வேண்டும்.

பிறகு அவரிடமே கேளுங்கள். பர்திமேயுவுக்குக் கண் தெரியாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இருந்தும் "நான் உனக்கு என்ன செய்யவேண்டும்" என்று ஆண்டவர் கேட்டார். நாமாக முடிவுசெய்து கொண்டுபோய்க் கொடுக்கும் உதவி, வாங்குகிறவரைச் சிறுமைப்படுத்திவிடும். போட்டோ எடுக்காதீர்கள். வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்ற வசனத்துக்கு இன்றைய அர்த்தம் பெரும்பாலும் அதுதான்.

வாரத்தில் ஒருமுறை, ஒரே நேரம், பன்னிரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிவு தேதி இருப்பது நல்லது. காலமெல்லாம் செய்வேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு இரண்டாம் மாதம் காணாமல் போனால் அந்த மனிதர் மறுபடியும் கைவிடப்படுகிறார். கூட ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆண்டவரும் சீஷர்களை இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்பினார். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். போகுமுன் ஒரு வரி ஜெபம் எழுதுங்கள். திரும்பி வந்ததும் நடந்ததை எழுதி, அதை ஆண்டவரிடம் வாசித்துக் காட்டுங்கள், கோபம் வந்திருந்தால் அந்தக் கோபத்தையும் சேர்த்து. இந்த இரண்டாவது பகுதியை விட்டுவிடவே வேண்டாம். அதுதான் திரும்பி வந்து பாதத்தில் விழுவது.

பொறுப்புகளைக் குறைத்த பிறகு நான் தொடங்கியது, பார்வை இழந்த ஒரு பெரியவருக்கு வாரம் ஒருமுறை வேதம் வாசித்துக் காட்டுவது. ஆறுதல் சொல்லப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ஐந்தாறு வாரம் கழித்து, நான் கிளம்பும்போது அவர் கையை நீட்டி என் தலையைத் தேடினார். என் வீட்டில் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி ஜெபித்தார். நான் எப்போதோ பேச்சோடு பேச்சாகச் சொன்ன பெயர்கள் அவை. தினமும் அந்தப் பெயர்களைச் சொல்லி ஜெபித்துவந்திருக்கிறார். யார் யாருக்கு ஊழியம் செய்தது என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியாது. "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்று தடுத்த பேதுருவைப் போல, வாங்கிக்கொள்ள மறுக்கும் பெருமை உதவி செய்கிறவர்களிடம் அதிகம். அது உங்களுக்குள் எட்டிப் பார்க்கும், கவனமாக இருங்கள்.

இன்னொன்று. பன்னிரண்டு வாரம் முடிந்தும் உள்ளே எதுவும் உணரவில்லை என்றால் பதறவேண்டாம். அன்னை தெரேசா 1950-இல் தம் சபையைத் தொடங்கினார், 1997-இல் இறந்தார். பத்து வருடம் கழித்து அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் வெளியாயின. ஏறக்குறைய அந்த ஊழியக் காலம் முழுவதும் அவர் உள்ளத்தில் இருளும் வெறுமையும் இருந்தன என்று அவற்றிலிருந்து தெரிந்தது. படித்தபோது பலர் அதிர்ந்தார்கள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. உணர்வை வைத்து அளக்காதீர்கள். எரிச்சல் மூட்டுகிறவரிடம் முன்பைவிட ஒரு நிமிடம் கூடுதலாகப் பொறுமையாக இருக்கிறீர்களா? மன்னிப்புக் கேட்க முன்பைவிடக் கொஞ்சம் சீக்கிரம் போகிறீர்களா? ஜெபத்தில் உங்கள் பெயரைவிட வேறு பெயர்கள் அதிகம் வருகின்றனவா? அதைப் பாருங்கள். வெறும் உடல் களைப்பாகவும் இருக்கலாம். சூரைச்செடியின்கீழ் சாகவேண்டும் என்று கேட்ட எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும் தூக்கமும். ஓரேப் மலைக்குப் போனது அதற்குப் பிறகுதான்.

இந்த வாரமே அந்த ஒரு பெயரை எழுதிவிடுங்கள். முதல் நாள் அங்கே போய் என்ன பேசுவது என்று தெரியாவிட்டால், பேசவேண்டாம். அவர் பெயரைக் கேளுங்கள், உங்கள் பெயரைச் சொல்லுங்கள், அடுத்த வாரம் எத்தனை மணிக்கு வரலாம் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.